காலி வீட்டில் ஓர் இருமல்

வாடகை வருமானக் கண்காணிப்புச் சிறப்புப் பிரிவை ஓசூரில் தொடங்கியபோது, வாடகைக்குக் குடியிருப்பவர்களின் நலனுக்காகவே அது தொடங்கப்படுவதாக அறிவித்தார்கள். ஆகவே விழாவுக்கு அவர்களையும் அழைத்திருந்தார்கள். கல்யாண மண்டபத்தில் வீட்டு உரிமையாளர்களுக்கு முன்பக்கம் உறை போட்ட நாற்காலிகள். குடியிருப்பவர்களுக்குப் பின்பக்கம் பிளாஸ்டிக் நாற்காலிகள். உரிமையாளர் ஒருவரும் வரவில்லை. பின்னால் இடமில்லாமல் நின்றவர்கள் முன்னால் வந்து உட்கார்ந்துவிடாதபடி ஓர் ஊழியர் விழா முடியும்வரை அந்த நாற்காலிகளுக்குக் காவல் இருந்தார்.

நின்றவர்களில் முனிலட்சுமியும் ஒருத்தி. ஜூஜுவாடியில் வால்வு செய்யும் கம்பெனி ஒன்றில் பேக்கிங் பிரிவில் ஒப்பந்த வேலை. சொந்த ஊர் ஊத்தங்கரைப் பக்கம். விழாவுக்கு ஆள் வேண்டும் என்று கம்பெனிக்குத் தகவல் வந்திருந்ததால், சூப்பர்வைசர் அவளையும் பக்கத்து அறை நிர்மலாவையும் வேனில் ஏற்றி அனுப்பிவிட்டார்.

பிரிவின் கண்காணிப்பாளர் இளம்பரிதி பேசினார். நல்ல குரல்.

"வீட்டு உரிமையாளர்கள் வாடகை வாங்குகிறார்கள். வாடகை ஒரு வருமானம். வருமானத்துக்கு வரி உண்டு. இதில் வாடகை கொடுக்கும் உங்களுக்கு எந்தப் பாதிப்பும் கிடையாது. அந்த வரியை உங்கள் தலையில் கட்டுவதற்குச் சட்டத்தில் இடமில்லை. சட்டத்துக்கு வெளியே கட்டினால் அது எங்கள் கவனத்துக்கு வராது. எங்கள் கவனத்துக்கே வராத ஒன்றைப் பற்றி நீங்கள் ஏன் கவலைப்பட வேண்டும்?"

கைதட்டினார்கள். முனிலட்சுமிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"இன்னாக்கா சொல்றாரு?"

நிர்மலா சங்கரன்கோவில் பக்கத்துக்காரி, பிள்ளைக்குட்டிக்காரி. "நமக்கு ஒண்ணும் ஆவாதுங்காரு மைனி. இம்புட்டுப் பெரிய மண்டபம் பிடிச்சுல்லா சொல்லுதாரு. என்னமோ ஆவப்போவுது."

அவர்களுடைய வீட்டுக்காரர் திம்மராயன். தக்காளியும் பீன்ஸும் போட்டுக்கொண்டிருந்தவர். கம்பெனிகள் வந்தபோது நிலத்தில் பாதியை விற்று, மீதியில் ஒரு லைன் வீடு கட்டினார். ஒரே வரிசையில் பதினொரு அறைகள், கோடியில் கழிவறை, நடுவில் ஒரு தண்ணீர்க் குழாய். வீட்டில் தெலுங்கு, அத்திப்பள்ளி மண்டியில் கன்னடம், குடியிருப்பவர்களிடம் தமிழ் என்று மூன்று மொழி பேசுவார். மூன்றிலும் அவருக்கு வரி என்றால் பயம். மற்றபடி கெட்டவர் இல்லை. தக்காளி விலை விழும்போது அறைக்கு ஒரு கூடை கொடுப்பார். யுகாதிக்கு எல்லாருக்கும் ஒப்பட்டுப் போளி வரும்.

அவருடைய மகன் வெங்கட் படித்தவன். புதிய விதிமுறைகளை உட்கார்ந்து படித்துவிட்டு அப்பாவிடம் விளக்கினான்.

"நாயனா, ஆள் இருந்தாத்தான் வாடகை. வாடகை இருந்தாத்தான் வரி. காலி வூட்டுக்கு வரி கிடையாது."

"ஆளைத் தொரத்திட்டா வாடகை யாருடா குடுப்பா?"

"தொரத்த வேணாம். ஆளுங்க இருக்கட்டும். வூடு காலியா இருக்கட்டும்."

திம்மராயன் சற்று யோசித்தார். தேசத்தில் இதைவிடக் கடினமான காரியங்களெல்லாம் நடந்துகொண்டுதான் இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை காலை எல்லாரையும் குழாயடிக்குக் கூப்பிட்டு இரண்டு வழிகளைச் சொன்னார்கள். ஒன்று, வீட்டில் ஆள் இருப்பதாகக் கணக்குக் காட்டி, வரியை வாடகையோடு சேர்த்துக் கொடுப்பது. அப்படிச் செய்தால் வாடகை ஏறும். இன்னொன்று, வீடு காலி என்று கணக்குக் காட்டுவது. அதற்குப் பூட்டு, காவல், மேலே இருப்பவர்களைக் கவனிப்பது என்று செலவிருப்பதால் அதிலும் வாடகை ஏறும். ஆனால் கொஞ்சம் குறைவாக ஏறும். எல்லாரும் இரண்டாவதையே ஒத்துக்கொண்டார்கள். பக்கத்துத் தெருவிலும், மூக்கண்டப்பள்ளியிலும், சிப்காட்டைச் சுற்றிலும் அதே வாரத்தில் அதே இரண்டு வழிகள்தான் சொல்லப்பட்டிருந்தன.

காலியாக இருப்பது எப்படி என்று வெங்கட் வகுப்பு எடுத்தான். வாசலில் கோலம் கூடாது. செருப்பு உள்ளே. துணி உள்ளே காய வேண்டும். கேஸ் சிலிண்டரைத் தெருமுனையில் வாங்கிச் சாக்கில் சுற்றித் தூக்கிவர வேண்டும். பிரிவின் அலுவலக நேரம் காலை பத்திலிருந்து மாலை ஆறு. அந்த நேரத்தில் எல்லாக் கதவுகளும் வெளியே பூட்டியிருக்கும், சாவி வெங்கட்டிடம். ஆறு மணிக்குமேல் அரசாங்கம் வீட்டுக்குப் போய்விடும் என்பதால் அப்புறம் விளக்கு போடலாம், குழம்பு தாளிக்கலாம், சண்டைகூடப் போடலாம்.

காலை ஷிப்ட் முடிந்து இரண்டு மணிக்குத் திரும்பும் பெண்களுக்கு ஆறுவரை போக்கிடம் இல்லாமல் போயிற்று. கம்பெனி வாசலில் நின்றால் செக்யூரிட்டி விரட்டினான். டீக்கடை பெஞ்சில் எத்தனை நேரம் உட்கார முடியும்? கடைசியில் நிர்மலாதான் ஒரு வழி கண்டுபிடித்தாள். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. ஆகவே தினமும் கெலமங்கலம் போய், இறங்காமல், அதே பஸ்ஸில் திரும்பினார்கள். ஜன்னலோரத்தில் கீரை ஆய்ந்தார்கள். தலை பின்னிக்கொண்டார்கள். கண்டக்டர் முதலில் திட்டினார். பிறகு, "வூட்டுக்காரங்க வந்துட்டாங்களா, போலாம் ரைட்" என்று சொல்லப் பழகிக்கொண்டார்.

இரவு ஷிப்ட் பார்த்துவிட்டுப் பகலில் தூங்கும் ஆண்களை உள்ளே வைத்துப் பூட்டினார்கள். குறட்டை விடுபவர்கள் குப்புறப் படுத்தார்கள். எல்லாரும் எப்படியோ காலியாக இருக்கக் கற்றுக்கொண்டார்கள், ஆறாவது அறையைத் தவிர.

ஆறாவது அறையில் முனிலட்சுமியின் கணவன் முனிவேல் இருமிக்கொண்டிருந்தான்.

காஸ்டிங் கம்பெனி ஒன்றில் வார்ப்பு இரும்பைத் தேய்க்கும் வேலை பார்த்தவன். மணல் தூசி நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது. இருமத் தொடங்கியதும் ஒப்பந்தக்காரர் அவனை வேலையிலிருந்து நிறுத்தினார். மூச்சு முட்டும்போது உடனே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஆக்சிஜன் வைக்க வேண்டும். ஷேர் ஆட்டோவில் போய்விடும் தூரம் என்பதால்தான் அவர்கள் அந்த அறையை விடவில்லை. ஊருக்குப் போனால் அங்கே ஆக்சிஜன் கிடையாது. அண்ணன் தம்பிகள் பிரித்துக்கொண்ட வீட்டில் படுக்க இடமும் கிடையாது.

வெங்கட் கொஞ்சம் கூச்சத்தோடுதான் சொன்னான். "அக்கா, மத்ததெல்லாம் சரியா இருக்குது. அண்ணன் இருமறதுதான் ரோட்டுக்குக் கேக்குது. காலி வூடு இருமாதுக்கா."

"வேணும்னா இருமறாரு தம்பி?"

"நான் சொல்லலைக்கா. ரூல்ஸ் அப்பிடி இருக்குது."

முனிலட்சுமி வேறு வீடு தேடிப் பார்த்தாள். மூக்கண்டப்பள்ளியில், பேடரப்பள்ளியில், எல்லை தாண்டி அத்திப்பள்ளியில்கூட. எல்லா இடத்திலும் முதல் கேள்வி எத்தனை பேர் என்பது. இரண்டாவது கேள்வி நோயாளி யாரும் உண்டா என்பது. வாடகை வீட்டில் ஒரு சாவு விழுந்துவிட்டால் அப்புறம் அந்த வீட்டுக்கு ஆள் வரமாட்டார்கள். அதனால் யாரும் சாகும்போலிருப்பவருக்கு வீடு விடுவதில்லை. மூக்கண்டப்பள்ளி வீட்டுக்கார அம்மாள் மட்டும் அன்பாகப் பேசினாள். "உடம்பு நல்லானதும் கூட்டிக்கினு வாம்மா. ரூம் தரேன். இல்லேன்னா, அந்த மாதிரி ஏதாச்சும் ஆயிட்டா, நீ மட்டும் வா. அப்பவும் தரேன்."

அவள் அதை முனிவேலிடம் சொல்லவில்லை. காலை ஆறு மணி ஷிப்டுக்குப் போகுமுன் அவனுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர்ச் சொம்பு, கஞ்சி, ஒரு வாளி, மடித்த துண்டு ஆகியவற்றை வைத்துவிட்டுப் போனாள். துண்டு வாயில் வைத்துக்கொள்ள. பத்து மணிக்கு வெங்கட் வந்து பூட்டுவான்.

"பஸ்ஸுல எங்கெங்க போனீங்க?" என்று மாலையில் முனிவேல் கேட்பான்.

"எங்க போறது மாமா, கெலமங்கலம்தான்."

"டெய்லி டூரு. நல்லா வாழறீங்கடி."

சிரித்தால் இருமல் வரும். ஆனாலும் ஆறு மணிக்குமேல் என்பதால் சிரித்துக்கொள்வான்.

முதல் சோதனைக்கு ஆய்வாளர் ராஜ்குமார் வந்தார். இளைஞர், கையில் நீண்ட படிவம். ஒரு வீடு எவ்வளவு காலி என்று அளப்பதற்கு அதில் மதிப்பெண் முறை இருந்தது. தாழ்ப்பாளில் துருவுக்கு இத்தனை, நிலைக்கதவில் தூசிக்கு இத்தனை, சிலந்தி வலைக்கு இத்தனை. நிர்மலா தன் வாசல் மூலையில் ஒரு வலையைப் பிள்ளையைப்போலக் காப்பாற்றி வைத்திருந்ததால் அந்த அறை முதலிடம் பெற்றது.

ஆறாவது அறைக்கு முன்னால் வந்ததும் ராஜ்குமார் நின்றார். உள்ளே துணியில் அமுக்கியதுபோல ஒரு சத்தம்.

"என்ன அது?"

"எலி சார்" என்றான் வெங்கட்.

"எலி இருமுமா?"

"இங்க எல்லாமே இருமும் சார். கம்பெனித் தூசி."

ராஜ்குமார் அவனைப் பார்த்தார். பூட்டைப் பார்த்தார். பிறகு படிவத்தில், 'எலி நடமாட்டம் உண்டு. வாடகை செலுத்துவதில்லை என உரிமையாளர் தரப்பில் தெரிவிக்கப்பட்டது' என்று எழுதினார். அவரும் ஓசூரில் வாடகை அறையில்தான் இருந்தார். போன வாரம் அந்த அறையை அவரே நேரில் போய்ச் சோதித்துக் காலி என்று சான்று கொடுத்திருந்தார்.

ஓராண்டு முடிவதற்குள் பிரிவு தன் சாதனைகளை வெளியிட்டது. எல்லைப் பகுதியில் வாடகை வருமானமே இல்லை என்பது தெரியவந்திருந்தது. அதைவிட முக்கியமாக, ஆயிரக்கணக்கான வீடுகள் காலியாக இருப்பது முதன்முறையாகக் கண்டறியப்பட்டிருந்தது.

"தொழிலாளர்களுக்கு வீடு கிடைக்கவில்லை என்ற பேச்சு இனி எடுபடாது" என்றார் இளம்பரிதி பத்திரிகையாளர்களிடம். "ஜூஜுவாடியில் மட்டும் பூட்டிக் கிடக்கும் அறைகளைப் பாருங்கள். வேண்டியவர்கள் போய்க் குடியேறலாம். யாராவது குடியேறினார்களா என்று மறுநாளே எங்கள் ஆய்வாளர் வந்து பார்ப்பார்."

தொழிலாளர்களுக்காக அரசு கட்டுவதாக இருந்த விடுதி, தேவையில்லை என்று கைவிடப்பட்டது. ஒரு நிருபர் மட்டும், அப்படியானால் இத்தனை தொழிலாளர்கள் இரவில் எங்கே தூங்குகிறார்கள் என்று கேட்டுவைத்தார். பிரிவு அதற்கும் ஒரு குழு அமைத்தது. குழு நெடுஞ்சாலையில் நின்று பார்த்துவிட்டு, அவர்கள் கர்நாடகத்திலிருந்து காலையில் வந்து மாலையில் திரும்புகிறார்கள் என்று அறிக்கை கொடுத்தது. அதே மாதம் அந்தப் பக்கத்துக் குழு ஒன்று, தங்கள் ஊர்த் தொழிலாளர்கள் எல்லாரும் தமிழ்நாட்டில் தூங்குவதாக அறிக்கை கொடுத்திருந்தது. இரு குழுக்களும் அத்திப்பள்ளி சோதனைச் சாவடியில் சந்தித்துக் கைகுலுக்கிக்கொண்டன.

மழைக்காலம் வந்ததும் முனிவேலின் நிலைமை மோசமாயிற்று. ஒருநாள் மாலை முனிலட்சுமி கதவைத் திறந்தபோது துண்டைக் கடித்தபடியே மயங்கிக் கிடந்தான். ஆஸ்பத்திரியில் டாக்டர் அவளைத்தான் திட்டினார். "மூச்சுத் திணற ஆரம்பிச்சதும் கூட்டிட்டு வரணும்மா. இப்படி மணிக்கணக்கா விட்டுட்டு என்ன பண்றீங்க?"

வீடு காலியாக இருந்தது என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

ஆக்சிஜன் வைத்து அன்று இரவே அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் முனிலட்சுமி விடுப்பு போட்டுவிட்டு நேரே பிரிவின் அலுவலகத்துக்குப் போனாள். வாசலில் 'குடியிருப்போர் குறைதீர் சாளரம்' என்று எழுதியிருந்தது. சாளரம் மூடியிருந்ததால் உள்ளே போகச் சொன்னார்கள். இளம்பரிதி அவளை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுக்கச் செய்தார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"முகவரி?"

சொன்னாள். அவர் கணினியில் பார்த்தார்.

"அம்மா, அந்த முகவரியில் யாரும் இல்லையே."

"நாங்க இருக்கறோமுங்க சார். என் வூட்டுக்காரர் உள்ளதான் படுத்துக்கினு இருக்காரு. பகல்ல கதவு மட்டும் தொறந்திருந்தா போதுங்க. மூச்சு முட்டுனா யாராச்சும் தூக்கிக்கினு ஓடுவாங்க."

"உங்கள் கஷ்டம் எனக்குப் புரிகிறது. ஆனால் யாரும் இல்லாத இடத்தில் ஒரு குறை இருக்க முடியாது. முதலில் நீங்கள் அங்கே இருக்க வேண்டும், பிறகுதான் குறை." மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "இன்னாருக்கு வாடகை கொடுத்து இன்ன அறையில் குடியிருக்கிறேன் என்று இதில் ஒரு கையெழுத்து போடுங்கள். அந்த நிமிடமே நீங்கள் அங்கே இருப்பவர் ஆகிவிடுவீர்கள். உரிமையாளருக்கு வரியும் அபராதமும் போடுவோம். உங்களுக்கு 'வரித் தோழர்' என்று பாராட்டுச் சான்றிதழ் உண்டு. ஆட்சியர் கையால்."

"போட்டா அவரு எங்கள அங்க வெச்சிருப்பாருங்களா?"

"அது உங்களுக்கும் அவருக்கும் உள்ள தனிப்பட்ட விஷயம். அதில் அரசு தலையிடாது. நாங்கள் யாருடைய வீட்டுக்குள்ளும் போவதில்லை. வெளியே நின்றுதான் பார்க்கிறோம்."

"எங்கள வெளிய அனுப்பிட்டா?"

"அனுப்பினால் வீடு காலியாகிவிடும். பிறகு அவருக்கும் வரி இல்லை. பார்த்தீர்களா, இந்தத் திட்டத்தில் கடைசியில் யாருக்கும் நஷ்டம் இல்லை."

முனிலட்சுமி தாளை வாங்கினாள், திருப்பிப் பார்த்தாள், மேஜைமேல் வைத்தாள். யோசித்துவிட்டு வருவதாகச் சொன்னாள். அவர் எழுந்து நின்று கும்பிட்டார். பணிவு விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது.

இரவு அவள் எல்லாவற்றையும் முனிவேலிடம் சொன்னாள்.

"போடாத மே" என்றான். "நாம ரெண்டு பேரு. நாம போட்டா பதினோரு வூட்டு ஜனமும் ரோட்டுல நிக்கும். நிர்மலா புள்ளைங்கள வெச்சிக்கினு எங்க போவும்? நான் துண்டக் கடிச்சிக்கறேன்."

"கடிச்சிக்கினு செத்துப் போவியா?"

"செத்தா மூக்கண்டப்பள்ளியில உனக்கு ரூம் தரேன்னாங்களாமே. நிர்மலா சொல்லுச்சு."

அவள் அவன் வாயைப் பொத்தினாள். அதில் வழக்கம்போல இருமல் வந்துவிட்டது.

அந்த மாதக் கடைசியில், எல்லைப் பகுதியிலேயே அதிக மதிப்பெண் பெற்ற காலி வீட்டு வரிசையாகத் திம்மராயனின் லைன் வீடு தேர்ந்தெடுக்கப்பட்டது. அதன் முன்னாலேயே விழா எடுப்பது என்று முடிவாயிற்று. திம்மராயன் மூன்று மொழிகளிலும் வேண்டாம் என்றார். கேட்கவில்லை. தெருவை அடைத்துச் சாமியானா போட்டார்கள். பம்பைக்காரர்கள் வந்தார்கள். அதிகாரிகளின் கார்கள் முனைவரை நின்றன.

அன்று முனிலட்சுமி வேலைக்கும் போகவில்லை, பஸ்ஸுக்கும் போகவில்லை. முந்தின இரவு ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்துத் திருப்பி அனுப்பியும் முனிவேலின் உதட்டில் நீலம் போகவில்லை. "நானும் உள்ளயே இருக்கறேன், பூட்டிக்கோ தம்பி" என்று வெங்கட்டிடம் சொல்லிவிட்டாள். கெலமங்கலம் போகாமல் நிர்மலாவும் மற்றப் பெண்களும் கூட்டத்தோடு கூட்டமாக நின்றார்கள். விழாவுக்கு ஆள் போதாது என்று அவர்களுக்கு நாற்காலியும் கொடுத்தார்கள். தங்கள் வீட்டு வாசலிலேயே விருந்தாளிகளைப்போல உட்கார்ந்தார்கள்.

ஒலிபெருக்கி அலறத் தொடங்கியதும் முனிவேலின் முகம் தெளிந்தது. துண்டை எடுத்துவிட்டு, பகல் நேரத்தில், வாய்விட்டு, நெஞ்சு குலுங்க இருமினான். வெளியே யாருக்கும் கேட்கவில்லை.

"பேசட்டும் மே" என்றான். "நல்லா பேசறாரு."

இளம்பரிதி அப்போது அண்டை மாவட்டங்களின் புள்ளிவிவரங்களைச் சொல்லிக்கொண்டிருந்தார். அதை முடித்துவிட்டுத் திம்மராயனுக்குச் சால்வை போர்த்தினார். போர்த்தும்போது கைதட்டல், கைதட்டல் ஓய்ந்ததும் ஓர் இடைவெளி. அந்த நேரத்தில்தான் உள்ளே முனிவேலுக்கு மூச்சு நின்று நின்று வரத் தொடங்கியது. கண்கள் மேலே போயின. முனிலட்சுமி அவன் முதுகை நீவினாள், மார்பைத் தேய்த்தாள், ஆணியடித்து மூடியிருந்த ஜன்னல் பலகையை நகங்களால் பிறாண்டினாள். அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்து, வேண்டாம் என்பதுபோலத் தலையை அசைத்தான். அந்தப் பிடி தளர்ந்தது. அவள் அம்மிக் குழவியை எடுத்துக் கதவில் அடித்தாள்.

"தொறங்கய்யா! யாராச்சும் தொறங்கய்யா!"

சாமியானாவுக்குக் கீழே எல்லாருடைய தலையும் திரும்பியது. ராஜ்குமார் ஓடிப்போய்க் கதவருகே காதை வைத்துக் கேட்டுவிட்டு மேடைக்கு வந்து ஏதோ சொன்னார். இளம்பரிதி ஒரு கணம் கண்ணை மூடினார். அந்தக் கதவைத் திறந்தால் ராஜ்குமாரின் படிவம் பொய். தன் சான்றிதழ் பொய். அதை வைத்து மேலே போன அறிக்கை பொய். அறிக்கையை வைத்து நிறுத்தப்பட்ட விடுதி, அமைக்கப்பட்ட குழு, அந்தப் பக்கத்துக் குழு, எல்லாமே பொய். ஒரு கதவுக்காக இரண்டு மாநிலங்கள். அவர் ஒலிபெருக்கியை நெருங்கினார்.

"அந்தச் சத்தத்தைப் பற்றி யாரும் பதற வேண்டாம். அந்த வீட்டில் யாரும் இல்லை. அதற்கு என் கையெழுத்தே சாட்சி." பிறகு பம்பைக்காரர்களைப் பார்த்துக் கையை அசைத்தார்.

பம்பை முழங்கியது. குழவி விழும் சத்தம் அதில் தாளம் தப்பியதுபோலக் கேட்டது. நிர்மலா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். ஆனால் சாவி அவளிடம் இல்லை.

திம்மராயன் சால்வையோடு மேடையிலிருந்து இறங்கினார். "நாயனா, வேணாம் நாயனா" என்று வெங்கட் குறுக்கே வந்தான். அவர் மகனின் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தைப் பிடுங்கினார். எந்தச் சாவி என்று தெரியவில்லை. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். சாவி துளையில் இறங்காமல் வழுக்கியது. நிர்மலா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒன்று திரும்பியது.

நாலு பேர் முனிவேலைத் தூக்கிக்கொண்டு சாமியானாவின் நடுவே ஓடினார்கள். மேடையில் இருந்தவர்கள் வழியில் இருந்த நாற்காலிகளை நகர்த்தச் சொன்னார்கள். யார், எங்கிருந்து என்று கேட்கவில்லை. தெருமுனைவரை கார்கள் நின்றதால் ஆட்டோ உள்ளே வர முடியவில்லை. நெடுஞ்சாலைவரை தூக்கியே போனார்கள். ஆட்டோ பேடரப்பள்ளியைத் தாண்டும் முன்பே முனிவேல் முனிலட்சுமியின் மடியில் இருமுவதை நிறுத்திவிட்டான்.

ஆஸ்பத்திரி வாசலில் வெங்கட், எல்லா வீட்டுக்காரர்களும் சொல்வதைத்தான் சொன்னான். "நேரா ஊத்தங்கரைக்கே கொண்டுபோயிரலாம் நாயனா. வண்டிக்கு நான் ஏற்பாடு பண்றேன். வாடகைக்கு இருக்கறவங்க பொணத்தை வூட்டு முன்னாடி வெச்சா…"

"வூட்டுக்குக் கொண்டா" என்றார் திம்மராயன்.

விழா முடிந்திருந்தது. சாமியானாவை இன்னும் பிரிக்கவில்லை. அதன் கீழே பெஞ்சு போட்டு முனிவேலைக் கிடத்தினார்கள். பதினொரு அறைப் பெண்களும் சுற்றி உட்கார்ந்தார்கள். தெரு அமைதியாக இருந்தது. முனிலட்சுமியின் தோள்கள் குலுங்கின. வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டிருந்தாள். நிர்மலாவும் அப்படியே. எல்லாப் பெண்களும் அப்படியே, சத்தமே இல்லாமல், பழகிய கண்களால் தெருமுனையைப் பார்த்துப் பார்த்து அழுதுகொண்டிருந்தார்கள். மணி நாலரைதான் ஆகியிருந்தது.

திம்மராயன் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். என்ன நடக்கிறது என்று அவருக்குப் புரியத் தாமதமாயிற்று. புரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டார்.

"அழுங்கம்மா" என்றார். "என் தாயிங்களா, சத்தமா அழுங்க. வரி நான் கட்டிக்கறேன்."

முதல் குரல் நிர்மலாவுடையது. "எண்ணே…" என்று அவள் தொடங்கியதும் மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். கடைசியாக முனிலட்சுமி வாயிலிருந்து முந்தானையை எடுத்தாள். வாய்விட்டு அழுதாள். நெடுஞ்சாலையில் டீ குடித்துக்கொண்டிருந்த லாரிக்காரர்கள் எழுந்து நின்று இந்தப் பக்கம் பார்த்தார்கள்.

சாமியானா பில்லில் கையெழுத்து வாங்குவதற்காக ராஜ்குமார் அங்கேயே தங்கியிருந்தார். அழுகைச் சத்தம் கேட்டதும் பையிலிருந்து படிவத்தை எடுத்தார். அதுதான் விதி. ஆனால் எழுதத் தொடங்கவில்லை. ஆறாவது அறையின் திறந்த கதவுக்குள் பார்த்தபடி நின்றார். பாய், சொம்பு, வாளி. அப்புறம் நிர்மலாவின் பக்கம் குனிந்து, தணிந்த குரலில் கேட்டார்.

"அக்கா, இந்த ரூம்ல எத்தனை பேர்?"

நிர்மலா மூக்கைச் சிந்தினாள். "காலையில வந்து கேட்டிருந்தா ரெண்டுன்னு சொல்லியிருப்பேன்."

ராஜ்குமார் 'குடியிருப்போர் எண்ணிக்கை' என்ற கட்டத்தைத் தேடிப்பிடித்து ஒன்று என்று எழுதினார்.